அலகு இல்லாத எண்

கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, விடைக்குப் பக்கத்தில் அலகை எழுத மறந்தால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார். "எண் சரிதானே, இதற்குப் போய்க் குறைக்கலாமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கனடாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை சொல்கிறது.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று, மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட இருந்தது. எரிபொருளின் அளவைக் காட்டும் கருவி பழுதுபட்டிருந்தது. எனவே தொட்டியில் உள்ளதைக் கோல் கொண்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்திற்குத் தேவைப்பட்டதோ 22,300 கிலோகிராம்.

லிட்டர் பருமனுக்கு உரிய அலகு. கிலோகிராம் நிறைக்கு உரியது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயை நிறுத்துப் பாருங்கள்; சுமார் 920 கிராம்தான் இருக்கும். ஆகவே லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற, அந்தத் திரவத்தின் அடர்த்தி தெரிய வேண்டும். அதற்காக அவர்கள் எடுத்துக்கொண்ட எண் 1.77. கணக்கு இவ்வாறு சென்றது:

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917

4,917 லிட்டர் எரிபொருளை ஊற்றி விமானத்தை அனுப்பினார்கள்.

பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறையைப் பவுண்டில் கூறும் எண்! அந்நிறுவனத்தின் பழைய விமானங்களில் பவுண்டுக் கணக்கே வழக்கம். புதிதாக வந்த 767 கிலோகிராமில் கணக்கிட வேண்டிய விமானம். கிலோகிராமில் அந்த எண் 0.803 ஆகும். அப்படியானால் தொட்டியில் இருந்தது 6,169 கிலோகிராம். மீதி 16,131 கிலோகிராமுக்கு 20,088 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றியதோ அதில் நான்கில் ஒரு பங்கே.

விளைவு என்ன? ஏறத்தாழ 12,500 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானத்தில் 61 பயணிகளும் 8 பணியாளர்களும் இருந்தனர். விமானி ராபர்ட் பியர்சன், மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். அவரும் துணை விமானி மாரிஸ் குவின்டாலும், கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் அதை இறக்கினர். அந்த ஓடுதளம் அப்போது கார்ப் பந்தயத்திற்குப் பயன்பட்டு வந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இந்தப் பிழையை எங்கே பிடித்திருக்கலாம்?

முதலாவதாக, எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதியிருந்தால் பிடித்திருக்கலாம். அலகுகளையும் இயற்கணிதக் குறியீடுகளைப் போலவே பெருக்கலாம், வகுக்கலாம். லிட்டரை, லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதால் பெருக்கினால் லிட்டர் நீங்கிப் பவுண்டு எஞ்சும். அப்போது இரண்டாம் வரி, "22,300 கிலோகிராம் − 13,597 பவுண்டு" என்று நிற்கும். அலகு வேறுபட்டவற்றைக் கழிக்கலாகாது என்பது உடனே கண்ணில் பட்டிருக்கும்.

இரண்டாவதாக, நமக்குத் தெரிந்த உண்மையோடு எண்ணை ஒப்பிட்டிருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். மண்ணெண்ணெயைப் போலவே விமான எரிபொருளும் தண்ணீரில் மிதக்கும். அப்படியிருக்க, அதன் ஒரு லிட்டர் 1.77 கிலோகிராம் இருக்க முடியுமா? இக்கேள்வியைக் கேட்கக் கருவி எதுவும் தேவையில்லை.

மூன்றாவது மிக முக்கியமானது. ஒட்டாவாவில் எரிபொருளை மறுபடியும் அளந்தார்கள். ஆனால் அங்கும் 1.77 ஆலேயே பெருக்கினார்கள்! ஒரே வழியில் திரும்ப நடப்பது சோதனை ஆகாது. அது முதல் பிழையையும் கூடவே கொண்டுவரும். வேறொரு வழியில் சென்று அதே விடை வருகிறதா என்று பார்ப்பதே அறிவியல் முறை.

நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு பவுண்டு என்பது 0.4536 கிலோகிராம். 13,597 பவுண்டை இதனால் பெருக்குங்கள்; 6,168 கிலோகிராம் வரும். அடர்த்தி வழியே நாம் கண்டது 6,169. அந்த ஒரு கிலோகிராம் வேறுபாடு தசமங்களைச் சுருக்கியதால் வந்தது. இரு வழிகளும் ஓரிடத்தில் சேர்கின்றன. இனி அந்த எண்ணை நம்பலாம்.