குளிர்மலை வெயிலும் கருமேனிக் காப்பும்

நிலத்தையும் பொழுதையும் இணைத்தே எண்ணிப் பழகியவர்கள் தமிழர்கள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும் உரியன என்றும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியன என்றும் தொல்காப்பியர் வகுத்தார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் எடுத்துரைத்தார். மலையும் வெயிலுக்கு விலக்கன்று என்னும் உண்மை இக்கருத்தில் பொதிந்து கிடக்கிறது. இவ்வுண்மையை இன்றைய அறிவியலின் துணைகொண்டு ஆராய்வதற்கு, சேலம் நகருக்கு மேலே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையும் அதன்மேல் அமைந்த ஏற்காடும் ஏற்ற இடங்களாகும்.

வெயிலைப் பற்றி நம் வீடுகளில் இரு பேச்சுகள் வழங்குகின்றன. உழைக்கச் செல்லும் ஆண்மகனைப் பார்த்து, "கறுத்த உடம்பு, வெயில் என்ன செய்துவிடும்?" என்கிறோம். பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளையைப் பார்த்து, "வெயிலில் அலையாதே, கறுத்துவிடுவாய்" என்கிறோம். முதற்பேச்சு வெயிலுக்கு அஞ்சவே இல்லை. இரண்டாம் பேச்சோ நிறத்துக்கு மட்டுமே அஞ்சுகிறது. அஞ்சத்தக்கது எதுவோ அதற்கு இவ்விரண்டும் அஞ்சவில்லை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர் வேறு, கதிர் வேறு

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு அல்லது ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைவது இயற்கை. எனவே, சேலம் 40 பாகையில் தகிக்கும் நாளிலும் ஏற்காடு முப்பதை ஒட்டியே நிற்கிறது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அவரைத் தொடர்ந்து ஆங்கிலேயர் பலர் இங்கு மாளிகைகள் அமைத்துக்கொண்டனர். சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்புவதே அவர்தம் நோக்கம். இன்று மே மாதத்தில் கோடை விழாவுக்காக மலையேறும் மக்களின் நோக்கமும் அதுவே.

ஆனால், நாம் உணரும் வெப்பமும் தோலைத் தாக்கும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல. வெப்பத்தை உடல் உடனே அறிகிறது. புற ஊதாக் கதிரை அறிய உடலில் புலன் ஏதும் இல்லை. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிதாகின்றது. கதிரைத் தடுக்கும் திரையும் மெலிதாகின்றது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு வீதம் புற ஊதாக் கதிர் மிகுகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு. ஆகவே, மேகமற்ற ஒரே நாளில் சேலத்தில் நிற்பவரைவிட ஏற்காட்டில் நிற்பவர்மீது பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகக் கதிர் படுகிறது. சேலத்தில் நிற்பவர் வெம்மை தாளாமல் நிழலைத் தேடுகிறார். ஏற்காட்டில் நிற்பவரோ குளிர்காற்றில் மகிழ்ந்து மணிக்கணக்கில் வெயிலிலேயே உலவுகிறார். கதிர் மிகுந்த இடத்தில் காப்பு குறைந்துவிடுகிறது என்பதே இங்குள்ள முரண்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஏற்காடு வட அட்சரேகை 11.8 பாகையை ஒட்டி உள்ளது. ஆதலின் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். கோடை விழாக் காலத்திலும் அவன் உச்சியை விட்டு நெடுந்தொலைவு விலகியிருப்பதில்லை. மெல்லிய மேகமும் மூடுபனியும் கண்ணுக்கு இதமளிக்குமேயன்றிப் புற ஊதாக் கதிரை முற்றும் தடுப்பதில்லை. பேருந்தின் கண்ணாடிச் சாளரமும் தோலைச் சுடும் கதிரைத் தடுக்கின்றது. தோலின் ஆழத்துக்குச் செல்லும் மற்றொரு வகைக் கதிரின் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றது.

நிறம் என்னும் குடை

கருநிறம் காப்பளிக்கிறதா? அளிக்கிறது. இதில் ஐயமில்லை. மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அச்செல்கள் உண்டாக்கும் நிறமித் துகள்களின் அளவும் வகையும் பரவலுமே நிறத்தை வேறுபடுத்துகின்றன. கருந்தோலில் இத்துகள்கள் பெரியனவாகவும் தனித்தனியாகவும் பரவி, செல்லின் கருவுக்கு மேலே குடைபோல் கவிந்து நிற்கின்றன. மனிதகுலத்தின் தொட்டிலாகிய ஆப்பிரிக்காவில் கடும் வெயிலிலிருந்து உடலைக் காக்கவே இந்நிறம் நிலைபெற்றது என்பர். தாயின் கருவளர்ச்சிக்கு இன்றியமையாத ஃபோலேட் என்னும் சத்தைக் கதிர் சிதைக்காமல் நிறமி காத்தது என்னும் கருத்தை நினா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் விளக்கினர்.

எனினும், இக்குடையின் அளவையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பரின் மேல்தோல் இயல்பாகத் தரும் காப்பு எண் ஏறத்தாழ 13 என்றும், வெள்ளையரின் மேல்தோல் தரும் காப்பு எண் ஏறத்தாழ 3 என்றும் கண்டது. மாநிறத்தவராகிய நம்மில் பலர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். குடை இருக்கிறது, ஆனால், அது கோட்டை அன்று. கருந்தோலும் கன்றும். அதன் சிவப்பு வெளியே தெரியாததால், எரிச்சலும் உரிதலும் ஏற்பட்ட பின்னரே நாம் அதனை உணர்கிறோம். கன்னங்களில் படரும் மங்கு, முகப்பரு ஆறிய பின்னும் நெடுநாள் மறையாத கருந்தழும்பு ஆகியவை வெள்ளையரைவிட நம் போன்ற நிறத்தாரை மிகுதியும் வருத்துவன. கண்ணில் புரை வளர்வதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். அதனைத் தோலின் நிறம் தடுப்பதில்லை. வெண்புள்ளி உடையோரின் வெண்மைத் திட்டுகளில் நிறமியே இல்லாமையால் அவர்கள் எந்நிறத்தவராயினும் அங்கு வெயில் எளிதில் சுட்டுவிடும்.

தோல் புற்றுநோய் கருநிறத்தாருக்கு மிகக் குறைவாகவே வருகிறது. ஆனால், வரும்போது காலம் தாழ்த்திக் கண்டறியப்படுகிறது. உள்ளங்கால், நகக்கண் ஆகிய இடங்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கு வெயில் காரணமன்று. களிம்பு அதற்குக் காப்புமன்று. ஜமைக்காவின் இசைக்கலைஞர் பாப் மார்லி 1981இல் இறந்தது, கால்விரல் நகத்தடியில் தோன்றிய இத்தகைய புற்றினால்தான். நமக்கு வராது என்னும் துணிவே இங்குக் கேடு விளைவிப்பது.

நிறம் பற்றிய பழம்பிழைகள்

நிறத்தையும் வெயிலையும் பற்றிய பிழைகள் நம்மிடம் மட்டும் தோன்றியவை அல்ல. வெப்பநாட்டுக் கதிர்கள் வெள்ளையரின் நரம்பைச் சிதைக்கும் என்று அமெரிக்கப் படை மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905இல் ஒரு நூலே எழுதினார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதே அச்சத்தால் நெட்டியால் செய்த தொப்பியின்றி வெளியே வர அஞ்சினர். தஞ்சையில் கோயில் உருவங்களைச் செதுக்கப் பயன்படும் அதே நெட்டிதான் அவர்தம் தலையையும் காத்தது. இந்த அச்சத்தின் மறுபக்கம் ஒன்று உண்டு. வெள்ளைமேனிக்கு ஆகாத வெயிலில் கருமேனி எவ்வளவு நேரமும் உழைக்கலாம் என்னும் எண்ணமே அது. தோட்டம் வைத்தவர்க்கு வசதியாக இருந்த அந்த எண்ணத்தையே இன்று நாம் நம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கருநிறம் ஒரு சாபத்தால் வந்தது என்னும் கதையும் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் அக்கதையை மறுத்து, தட்பவெப்பமே நிறவேறுபாட்டுக்குக் காரணம் என்று வாதிட்டார். பரம்பரையின் பங்கை அறியாத காலத்தில், சாபத்தை விலக்கி இயற்கையில் காரணம் தேடிய அந்நெறி போற்றத்தக்கது.

நம் இலக்கியமோ இன்னும் ஒருபடி மேலே நிற்கிறது. சங்கப் புலவர்கள் தலைவியின் அழகை மாமை என்றனர். மாந்தளிரை ஒத்த நிறம் என்று அதற்கு உரை கூறுவர். பிரிவால் மேனி வெளிறுவதைப் பசலை என்றனர். வெள்ளிவீதியார் குறுந்தொகையில் வருந்துவது, அந்த மாமை அழகைப் பசலை உண்கிறதே என்றுதான். வெளிறுதல் நோய்; மாமை நலம். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்னும் பழமொழியும் இவ்வழியே வந்தது. அத்தகைய மரபில் வந்த நாம், 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லிக்கு வீடுதோறும் இடமளித்தோம். 2020இல் அது தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. நம் மனத்திலிருந்து அச்சொல் நீங்கிவிட்டதா என்பதே வினா.

களிம்பு எதற்கு?

சன்ஸ்கிரீன் என்று கடைகளில் விற்கப்படும் வெயில் காப்புக் களிம்பு இக்குழப்பத்தின் நடுவே வந்து சேர்ந்தது. ஒருசாரார் அதனை வெள்ளைக்காரருக்கு உரியது என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார் அதனைச் சிவப்பாக்கும் களிம்பு என்று எண்ணி வாங்குகின்றனர். இரண்டும் தவறு. அது நிறத்தை மாற்றுவதன்று, கதிரைக் குறைப்பது. காப்பு எண் 15 உடையது தோலைச் சுடும் கதிரில் ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 உடையது ஏறத்தாழ 97 விழுக்காட்டையும் தடுக்கும். நிறைவாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசினாலன்றி இப்பயன் கிட்டாது.

மங்கு உடையோர்க்கு ஒரு செய்தி பயன்படும். அவர்தம் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கச் செய்கிறது. நிறமற்ற களிம்பு அதனைப் போதிய அளவு தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள களிம்பையே மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். காவிக்கல்லுக்கு நிறம் தருவதும் இந்த இரும்பு ஆக்சைடே ஆகும்.

உண்மையான கேடு வேறிடத்தில் உள்ளது. சிவப்பழகு வேண்டி ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகவே வாங்கிப் பூசித் தோல் மெலிந்து புண்பட்டவர்கள் பலர். மருத்துவரின் சீட்டின்றி அத்தகைய 14 மருந்துகளை விற்கலாகாது என்று இந்திய அரசு 2018இல் ஆணையிட்டது. வெயிலுக்கு அஞ்சாத தோலை நிறத்துக்கு அஞ்சிக் கெடுத்துக்கொள்வது எத்துணைப் பேதைமை!

அதேவேளையில், வெயிலை முற்றும் பகைப்பதும் அறிவன்று. வைட்டமின் டி தோலில் உண்டாவதற்கு வெயிலே துணை. கருந்தோலுக்கு அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். வெயில் நிறைந்த நம் நாட்டிலேயே அச்சத்தின் குறைபாடு பரவலாக உள்ளது.

வெப்பம் பார்ப்பதில்லை நிறம்

கதிரை ஓரளவு தடுக்கும் கருநிறம், வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. வியர்வை, நீர், நிழல், ஓய்வு ஆகிய நான்குமே உடலைக் குளிர்விப்பன. இவை கிடைக்காதபோது உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, மயக்கமும் பிதற்றலும் தோன்றி, உயிருக்கே ஊறு நேரும். அத்தகையவரை உடனே நிழலில் கிடத்தி, நீரால் நனைத்து, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்றலாகாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் என்பது தனிமனிதர் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றன்று, அரசும் சமுதாயமும் பொறுப்பேற்க வேண்டிய ஒன்று என்பதற்கு இவ்வறிவிப்பே சான்று.

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களைக் காணுங்கள். நேர்வெயிலில் காப்பி இலை கருகும் என்பதால், சில்வர் ஓக் முதலிய மரங்களை நட்டு நிழல் தந்திருக்கிறார்கள். அம்மரங்களிலேயே மிளகுக் கொடியும் படர்கிறது. பழம் பறித்த பின் காப்பியை உலர்த்தும் களமோ திறந்த வெளி. குளிர்கால மாதங்களில், குளிர்காற்றும் முழுவெயிலும் ஒருங்கே படும் அக்களத்தில் கொட்டைகளைக் கிளறிக்கொண்டு நிற்பவர்கள் உழைக்கும் மக்கள். செடிக்கு நிழல் வேண்டும் என அறிந்த அறிவு, அவர்களுக்கும் நிழல் வேண்டும் என அறிதல் வேண்டாவா?

நாம் செய்யத்தக்கவை

கருவி ஏதுமின்றி வெயிலை அளக்க ஓர் எளிய வழி உண்டு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருந்தால், கதிர் வலிமையாக உள்ளது என்று பொருள். அவ்வேளையில் மரநிழலை நாடுவதும், முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் குடையும் கொள்வதும் முதற்காப்பு. களிம்பு அதற்கு அடுத்ததே. வெயிலில் குடை பிடிக்க ஆடவர் நாணுவதைக் கைவிடுதல் வேண்டும். பள்ளிகள் விளையாட்டு நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றலாம். வேலை வாங்குவோர் களத்தருகே கூரையும் குடிநீரும் இடைவேளையும் தரலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பர். குளிர்ந்த மலையில் அவ்வருமை தெரியாமற் போவதால்தான் அதனை அறிவால் அறிய வேண்டியுள்ளது. இனி நம் வீடுகளில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பேச்சு போதும்: "கறுத்தால் குறையில்லை, உடம்பைக் காத்துக்கொள்." இந்த ஒரு சொல்லை வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் கொண்டுசெல்வது கற்றறிந்த நம் அனைவரின் கடமையாகும்.