இரவில் இணையம் ஏன் தவழ்கிறது?

அடுக்குமாடி வீடுகள் பலவும் இணையத்துக்கு ஒரே பொதுத்தடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரவில் எல்லாரும் வந்தால் நெரிசல்தான். டோரண்ட் செயலியோ ஒரு கோப்பைத் துண்டு துண்டாக, ஒரே நேரத்தில் பல கணினிகளிலிருந்து இழுக்கும். இணைப்புகள் கூடக்கூட அதைப் பயன்படுத்துபவரின் பங்கும் பெருகும்.

அதற்காக இணைய நிறுவனம் டோரண்டைத் திருட்டுத்தனமாகத் தடுக்கலாமா? 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் அப்படித்தான் செய்தது. எதிர்முனையே இணைப்பைத் துண்டித்ததுபோல் போலிச் செய்தி அனுப்பியது. இது பச்சைப் பொய். 2008-இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்து ஆணையிட்டது. 2010-இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது.

அதற்குள் நிறுவனமே வழியை மாற்றிக்கொண்டது. எந்தச் செயலி என்று பார்க்காமல், நெரிசல் நேரத்தில் மட்டும், அதிகம் இழுப்பவருக்குச் சற்று நேரம் முன்னுரிமையைக் குறைத்தது. நான் ஏற்பது இதைத்தான். ஆனால் அந்த விதியைச் சந்தா கட்டும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.