விருந்தினர் வளர்த்த தலைவர்

வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்றால் கூடத்தை ஒழுங்குபடுத்துகிறோம். சமையலறையில் இரண்டு பதார்த்தங்கள் கூடுகின்றன. அவர்கள் விடைபெற்றதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கும். யாரை உள்ளே அழைத்தோம், யாரை வாசலோடு அனுப்பினோம், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தோம் என்பதையெல்லாம் அது கவனித்திருக்கும்.

திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லத்தில் பழகிய அந்தப் பண்பு ஒரு தலைவரை எவ்வாறு உருவாக்கும் என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை. அவரே தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்த சில நிகழ்ச்சிகளை இங்கே நினைவுகூர்வோம்.

தந்தையின் கட்டிலருகே

தந்தையார் கரம்சந்த் காந்தி ராஜ்கோட்டில் திவானாக இருந்தவர். அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்த நாட்களில் பணிவிடை செய்தவர் இளைய மகன் மோகன்தாஸ். அந்த வீட்டிற்குச் சமணத் துறவியர் அடிக்கடி வருவர். சமணரல்லாத அக்குடும்பத்தில் உணவும் ஏற்பர். முஸ்லிம் நண்பர்களும் பார்சி நண்பர்களும் வந்து தத்தம் சமயங்களைப் பற்றி உரையாடுவர். தந்தையார் அவர்களுக்கு மதிப்பளித்து, ஆர்வத்தோடு செவிமடுப்பார். மருந்து கொடுக்கவும் கால் பிடித்துவிடவும் அருகிலிருந்த சிறுவனின் காதிலும் அப்பேச்சு விழுந்தது. பிற சமயத்தவரிடம் நல்லெண்ணம் கொள்ளும் பழக்கம் தமக்கு அங்கேதான் வந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார்.

அன்னையார் புத்லிபாய் நோன்புகளில் உறுதியானவர். மழைக்காலத்தில் சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்று ஒருமுறை விரதம் பூண்டார். பிள்ளைகள் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்து, கதிர் தெரிந்தவுடன் ஓடிவந்து சொல்வார்கள். அன்னை வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். அவரோ முகம் வாடாமல் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

ஆயினும் அவ்வீடு குறையற்றதன்று. கழிப்பிடம் சுத்தம் செய்ய வரும் ஊகா என்பவரைத் தொட்டுவிட்டால் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லியிருந்தனர். பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத சிறுவன் அதற்குப் பணிந்தான். ஆனால் அது சரியன்று என்று அவர்களிடம் வாதிட்டான். வீட்டின் விரிந்த மனத்தை ஏற்றுக்கொண்ட அச்சிறுவன், அதன் குறுகிய மனத்தைக் கேள்வி கேட்கவும் அங்கேயே கற்றான்.

தோற்றுப்போன விருந்தோம்பல்

1898ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்த காந்தியின் வீட்டில் அவருடைய அலுவலக எழுத்தர்கள் தங்குவது வழக்கம். அவர்களில் குஜராத்தியரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர், இந்துக்களும் கிறித்தவர்களும் இருந்தனர். அறைகளில் கழிவுநீர் வெளியேறும் வழி இல்லாததால் இரவுக் கலயங்கள் வைக்கப்பட்டிருந்தன. வீட்டோடு பழகியவர்கள் தங்கள் கலயத்தைத் தாங்களே சுத்தம் செய்துகொண்டனர். புதிதாக வந்த ஒருவரின் கலயத்தை மட்டும் காந்தியும் கஸ்தூர்பாவும் சுத்தம் செய்யவேண்டியிருந்தது. அவர் பஞ்சமர் என்று அக்காலத்தில் ஒதுக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவர்.

கஸ்தூர்பா கண்ணீருடன் அக்கலயத்தைச் சுமந்து படியிறங்கினார். அவர் சுமந்தது மட்டும் கணவருக்குப் போதவில்லை. மலர்ந்த முகத்தோடு சுமக்க வேண்டும் என்றார். சொல் வளர்ந்தது. மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று, வெளியே தள்ளக் கதவைத் திறந்தார். தாய் தந்தையரோ உறவினரோ இல்லாத அந்நிய நாட்டில் தாம் எங்கே போவது, வெட்கமில்லையா என்று கஸ்தூர்பா கேட்டார். காந்தி தலைகுனிந்து கதவை மூடினார்.

இந்த நிகழ்ச்சியை நாம் மெல்லக் கடந்துவிடக் கூடாது. விருந்தினரைச் சமமாக நடத்த விரும்பியவர், தம் வீட்டிலிருந்தவரைச் சமமாக நடத்தவில்லை. தம் கொள்கையின் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றி, அவர் சிரிக்கவும் வேண்டும் என்று எதிர்பார்த்தார். தலைமை ஏற்போர் பலர் இடறும் இடம் இதுவே. அதை உணர்த்தியது மனைவியின் கேள்வி. அதை உலகறிய எழுதிவைத்தது அவருடைய நேர்மை.

தங்கும் விடுதியும் தலைவரின் இல்லமும்

1901 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டிற்காகக் கல்கத்தா சென்ற காந்தி ரிப்பன் கல்லூரியில் தங்கினார். பிறர் கண்ணில் பட்டால் உணவு தீட்டாகும் என்று கருதிய தமிழ்ப் பிரதிநிதிகளுக்காக அங்கே தட்டி கட்டி மறைத்த தனிச் சமையலறை அமைந்திருந்தது. கழிப்பிடங்களோ நாற்றமெடுத்தன, அவற்றைச் சுத்தம் செய்யத் தொண்டர்கள் முன்வரவில்லை. காந்தி ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாம் பயன்படுத்தியதைத் தாமே சுத்தம் செய்தார்.

மாநாடு முடிந்தபின் கோபால கிருஷ்ண கோகலே அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து ஒரு மாதம் தங்கவைத்தார். தம்பியைப் போல நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகப்படுத்தினார். மூன்றாம் வகுப்பில் நாட்டைச் சுற்றிப்பார்க்க இளைஞர் புறப்பட்டபோது, தூக்குப் பாத்திரத்தில் பூரியும் இனிப்பும் நிரப்பிக் கொடுத்து, ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்பினார். காந்தி தம் அரசியல் குருவாகக் கொண்டது அவரையே.

கதவு சோதிக்கப்பட்ட நாள்

1915 மே மாதம் அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் ஆசிரமம் தொடங்கியது. ஏறத்தாழ 25 பேரில் 13 பேர் தமிழர். அனைவருக்கும் ஒரே சமையலறை. சில மாதங்களில் தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஆசிரியர் தூதாபாய், மனைவி தானிபென், தவழும் குழந்தை லட்சுமி ஆகியோர் வந்து சேர்ந்தனர். உடனே பொருளுதவி நின்றது. கிணற்றடியில் வசைமொழி கிளம்பியது. கஸ்தூர்பா உள்ளிட்ட ஆசிரமப் பெண்களுக்கும் அக்குடும்பத்தை ஏற்பது எளிதாக இல்லை.

அடுத்த மாதச் செலவுக்குப் பணமில்லை என்று மகன்லால் அறிவித்தபோது, தீண்டத்தகாதோர் குடியிருப்புக்கே சென்று வாழ்வோம் என்று காந்தி விடையளித்தார். சில நாட்களில் ஒரு செல்வர் வாகனத்தில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுச் சென்றார். ஆசிரமம் நிலைத்தது. கிணற்றடியில் ஏசியவரும், பொறுமையோடு நீர் இறைத்தவர்களைக் கண்டு வெட்கி அடங்கினார். லட்சுமி பின்னாளில் காந்தியின் வளர்ப்பு மகளானாள்.

டர்பனில் கதவைத் திறந்து மனைவியைத் தள்ள முயன்றவர், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் பசி வந்தாலும் விருந்தினருக்குக் கதவை அடைப்பதில்லை என்று நின்றார். சுமையைப் பிறர்மீது ஏற்றாமல், முதலில் தாமே ஏற்கத் துணிந்தார். பல சமயத்தாரும் பல மொழியாரும் பின்னர் அவரைப் பின்தொடர்ந்தது இதனால்தான் என்று நாம் கருதுகிறோம்.

விருந்தினருக்காகச் செய்வதைக் குடும்பக் கணக்கில் செலவாகவே எழுதுகிறோம். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது சேமிப்பு. அடுத்த முறை அழைப்புமணி ஒலிக்கும்போது, கதவைத் திறக்கப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். வந்தவர் உறவினராயினும் சரி, பொதி கொண்டுவந்த தொழிலாளியாயினும் சரி, ஒரே குவளையில் தண்ணீர் கொடுப்போம். அந்தக் குவளையைக் கழுவும் வேலையையும் நாமே பகிர்ந்துகொள்வோம்.