முழங்கால்: சத்தமில்லாத சேதம்

கேரளத்தில் நெய்யாறு அணைக்கு அருகே, தமிழக எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத கள்ளிக்காட்டுப் பகுதியில் ரப்பர் பலருக்குப் பிழைப்பு. ஒட்டுமரத்தில் பால்வெட்டு சுமார் 125 செ.மீ. உயரத்தில் தொடங்கும். வெட்டு வருடாவருடம் கீழே இறங்க, தொழிலாளியும் கூடவே இறங்க வேண்டும். முதலில் நின்றபடி, பிறகு குனிந்து, கடைசியில் குந்தியபடி. காலையில் 300 மரம் வெட்டுபவரின் முழங்கால் படும் பாட்டை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வயதானபின் வலி வந்தால் ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்பார்கள், சில டாக்டர்கள் உட்பட. ஜவ்வு என்ன, சைக்கிள் டயரா? எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதன் எடையில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர். நார்ப் பின்னலுக்குள் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதால்தான் அது பாரம் தாங்குகிறது. ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது மூட்டுத் திரவத்திலிருந்து உறிஞ்சிக்கொள்வதே உணவு. எனவே அசைவு தேவை. அளவு மீறிய சுமையும் பழைய காயமும் திசுவின் செல்களைக் குழப்புகின்றன. அவை சுரக்கும் நொதிகள் பின்னலையே அரிக்கின்றன. உதிர்ந்த துகள்கள் மூட்டின் உள்ளுறையை வீங்கவைக்கின்றன. அடியிலுள்ள எலும்பு இறுகி, ஓரங்களில் முள் போல வளர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. அரிப்பு நடக்கும்போது அது கூக்குரலிடாது. உள்ளுறையும் எலும்பும் பாதிக்கப்பட்டபின்தான் வலி. போன குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி வலியைக் குறைக்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறையும் என்பது 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வின் கணக்கு.

ஆனால், கள்ளிக்காட்டுத் தொழிலாளிக்குப் பிரச்னை எடை மட்டுமல்ல, வேலையும்தான். இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் நோய் அதிகம் என்பதை பெய்ஜிங் முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் காட்டியது. பிரிட்டனில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் சுரங்கத் தொழிலாளர்களின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்து, பாதிப்பு அதிகம் என்று 1952லேயே எழுதினார்கள். அரசு அதைத் தொழில்நோயாக ஏற்றது 2009இல், 57 ஆண்டுகள் கழித்து. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் நுரையீரலைத் தாக்கும் சிலிகோசிஸ் இடம்பெற்றது. முழங்கால் இடம்பெறவில்லை.