சின்ன ஊருக்கு ஒரு ஜூ: கட்டிடலாம், அப்புறம்?

பழனியில இருந்து மலைப்பாதையில கொடைக்கானல் போனா வழியில வடகவுஞ்சி வரும். சுத்தியும் காடு. காட்டெருமை, மலை அணில் எல்லாம் தன் பாட்டுக்குத் திரியுற மலை. "இங்க சின்னதா ஒரு ஜூ வச்சா டூரிஸ்ட் இன்னும் வருவாங்களே"ன்னு யாருக்கும் தோணலாம். அப்படி ஒரு ஜூவை நடத்த என்னென்ன வேணும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல, அனுமதி. இந்தியாவுல ஜூ நடத்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தோட அங்கீகாரம் கட்டாயம். 1992-ல உருவான அமைப்பு இது. பரப்பளவு, வர்ற கூட்டம், விலங்குகளோட எண்ணிக்கை, எத்தனை இனங்கள்னு பார்த்து பெரியது, நடுத்தரம், சிறியது, மினின்னு நாலா பிரிப்பாங்க.

மினி ஜூன்னா பொறுப்பும் மினி கிடையாது. நீண்டகாலத் திட்டம் எழுதித் தரணும். கால்நடை மருத்துவர் வேணும். புதுசா வர்ற விலங்கை உடனே மத்ததோட சேர்த்து விட முடியாது, தனியா வச்சுக் கவனிக்கணும். வாரத்துல ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு விடுமுறை விடணும். வண்டலூர்ல செவ்வாய்க்கிழமை கேட் மூடியிருக்கிறது இதுக்குத்தான். ஆனா அன்னைக்கும் உள்ளே தீனி போடணும், கூண்டு கழுவணும்.

பணம் இங்கதான் இடிக்கும். கூண்டு கட்டுறது ஒரு தடவை செலவு. தீனி, மருந்து, தண்ணி, சம்பளம் தினமும் செலவு. கொடைக்கானல்ல ஏப்ரல், மே மாசம் கூட்டம் அலைமோதும். கொட்டுற மழையில யார் டிக்கெட் வாங்குவா? மானுக்கு சீசன் தெரியாது, பசிதான் தெரியும்.

இது சரியா அமையலைன்னா என்ன ஆகும்? கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவைப் பாருங்க. 1965-ல தொடங்கின ஜூ, மாநகராட்சி நடத்தினது. நகரத்துக்கு நடுவுல, அஞ்சு ஏக்கருக்கும் குறைவான இடம். சுத்தி ரோடும் கட்டடமும் வந்த பிறகு விரிவாக்க வழியே இல்லை. போதுமான இடம் இல்லைங்கிறது முக்கியக் காரணமா, 2022 ஜனவரியில ஆணையம் அங்கீகாரத்தை ரத்து பண்ணிடுச்சு.

நான் வேலை பார்க்கிற துறையில ஒரு ப்ராஜெக்ட் வேண்டாம்னா சர்வரை நிறுத்திட்டு அடுத்த வேலைக்குப் போயிடலாம். ஜூவை அப்படி நிறுத்த முடியாது. அங்கீகாரம் போன பிறகும் மாநகராட்சி தினமும் தீனி போட்டுத்தான் ஆகணும். ஒவ்வொரு உயிருக்கும் இடம் தேடணும். புள்ளிமான்களைச் சிறுவாணி அடிவாரக் காட்டுக்குக் கொண்டுபோனாங்க, அதுவும் ரெண்டு வருஷம் கழிச்சு. கூண்டுலயே வளர்ந்தது எல்லாத்தையும் அப்படிக் காட்டுல விட்டுட முடியாது. அதுங்களுக்கு இன்னொரு ஜூதான் வழி.

அதனால எந்த ஊர்லயாவது "ஜூ வரப்போகுது"ன்னு கேட்டா, எந்த விலங்கு வருதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பத்து வருஷத்துக்குத் தீனிக்கான பணம் எங்க இருந்து வரும்? ராத்திரி ஒரு மான் விழுந்து கிடந்தா எந்த டாக்டர் வருவார்? மூட வேண்டி வந்தா இதுங்க எங்க போகும்?

வடகவுஞ்சிக்கு என் பதில்: ஜூ வேண்டாம். அந்த மலையில ஒரு பகுதி 2013-ல இருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். விலங்குகள் ஏற்கெனவே அங்க இருக்கு, தீனிச் செலவு இல்லாம. நாம செய்ய வேண்டியது, அந்த ரோட்ல ராத்திரி மெதுவா ஓட்டுறதும், குரங்குக்கு சிப்ஸ் போடாம இருக்கிறதும்தான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.