பப்பாளியைக் காத்த துப்பாக்கி!

பப்பாளித் தோலில் வட்ட வட்டமாகப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? அது வளையப்புள்ளி வைரஸின் வேலை! அசுவினி என்ற சின்னஞ்சிறு பூச்சி, நோயுற்ற மரத்தில் வாய் வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் பறக்கும். வைரஸும் கூடவே போகும். பூச்சிமருந்து அடித்தாலும், அசுவினி சாவதற்குள் நோயைக் கொடுத்துவிடும். மரத்தை வெட்ட வேண்டியதுதான்!

அமெரிக்காவின் ஹவாயில், 1950களில் ஓவாஹு தீவுத் தோட்டங்களை இந்த வைரஸ் அழித்தது. பப்பாளி விவசாயம் இன்னொரு தீவிலுள்ள பூனா பகுதிக்கு மாறியது. 'அங்கேயும் வந்துவிட்டால்?' என்று 1978-லேயே ஆராய்ச்சியில் இறங்கினார், ஹவாய்க் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வஸ்.

அவரது குழு என்ன செய்தது தெரியுமா? வைரஸின் மேலுறையை உருவாக்கும் மரபணுவை எடுத்து, நுண்ணிய உலோகத் துகள்களில் பூசி, 'மரபணுத் துப்பாக்கி'யால் பப்பாளித் திசுவுக்குள் சுட்டது. (நிஜமாகவே சுடுவதுதான்!) அப்படி வளர்ந்த செடி, அதே வைரஸ் நுழைந்தால் அடையாளம் கண்டு, அதன் ஆர்.என்.ஏ.,வைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும்.

பயந்தபடியே 1992-ல் பூனாவிலும் வைரஸ் புகுந்தது. தோட்டங்கள் பாழாயின. 1998-ல் 'ரெயின்போ' என்ற புதுப் பப்பாளி விதைகள் விவசாயிகளுக்கு இலவசமாகத் தரப்பட்டன. நோய் சூழ்ந்த இடத்திலேயே அவை தளதளவென்று வளர்ந்து காய்த்தன!

ஒரு சங்கடம். ரெயின்போவுக்குத் தெரிந்தது ஹவாய் வைரஸை மட்டுமே. வேறு நாடுகளிலுள்ள அதன் ஒன்றுவிட்ட தம்பிகள் தாக்கினால், அதுவும் நோயில் விழுந்துவிடும்.