விடுமுறை யாருக்கு?

"கனமழை! பள்ளிகளுக்கு இன்று விடுமுறை!" என்று அறிவிப்பு வருகிறது. பிள்ளைகள் துள்ளிக் குதிக்கின்றன. பெரியவர்கள் போர்வையை இன்னொரு சாண் இழுத்து மூடிக்கொள்கின்றனர். அதே காலை ஆறு மணிக்கு, அடையாறு காந்தி நகரில், கணுக்காலைத் தாண்டிய தண்ணீரில், கோணிப்பையைத் தலைக்குக் குல்லாயாகக் கவிழ்த்துக்கொண்டு, ஒரு தாய் கூடை தூக்கி நடக்கிறாள். அவளுக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது. மழை நாளானால் என்ன, மாட்டுப் பொங்கலானால் என்ன, மாடி வீட்டு அடுப்பு எரிகிறதே! அடுப்பு எரிந்தால் குப்பை உண்டு. குப்பை உண்டென்றால் அவள் வந்தாக வேண்டும்.

"தீபாவளிக்கு லீவு உண்டாம்மா?" என்று கேட்டோம்.

"எங்கய்யா லீவு? அன்னிக்கு வராம இருந்தா, மறுநாளு ரெண்டு நாளு குப்பையும் எங்க தலையிலதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

குப்பை எடுப்பது நிற்கக்கூடாது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. நிற்கவே கூடாது என்பதுதான் நம் கட்சி. சென்னை நகரம் நாள்தோறும் ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பையைக் கொட்டுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, இரண்டு நாள் எடுக்காமல் விட்ட குப்பை என்ன செய்யும்? தெருவோரத்தில் சும்மா கிடக்காது, மிதக்கும். மிதந்து போய் மழைநீர் வடிகாலின் வாயில் அடைத்துக்கொள்ளும். ஒரு முழம் பிளாஸ்டிக் பை போதும், தெருவே குளமாகும். அந்தக் குளத்து நீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகாது, அடையாற்றுக்கும் போகாது, வீட்டுக்குள் வரும். மழை மேல் பழி போடுகிறோம். மழை என்ன செய்யும், பாவம்!

2015 டிசம்பர் முதல் நாள் இரவை மறந்தவர் உண்டா? செம்பரம்பாக்கத்து நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டு, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளை விழுங்கிய இரவு அது. வெள்ளம் வடிந்த பின் தெருவெங்கும் கிடந்தவை நனைந்த மெத்தை, ஊறிய அரிசி, உடைந்த பெட்டி, நாறும் சேறு. அதை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை வரவழைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதைதான். தலைநகரத்தின் மானத்தை அன்று காத்தவை, கையுறை இல்லாத கைகள்!

இந்த அடையாறு, குப்பை வரலாற்றிலே ஒரு தனி அத்தியாயம். 1989-ல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், வீடுகளிலிருந்து மாதச் சந்தா வாங்கி, மூன்று சக்கர வண்டியில் ஆள் அனுப்பிக் குப்பை எடுக்கும் முறையை இந்த நகரத்துக்குப் பழக்கிற்று. 2000-ல் மாநகராட்சி, அடையாறு உள்ளிட்ட மூன்று பகுதிகளின் குப்பையை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன்பின் குத்தகைதாரர் மாறினார், மீண்டும் மாறினார். 2020-லிருந்து உர்பேசர் சுமீத். சட்டையின் நிறம் மாறிற்று, வண்டியின் நிறம் மாறிற்று, வண்டிக்கு மின்கலமும் வந்தது, நல்லதே! ஆனால் கூடை தூக்கும் கை யாருடையது? தலைமுறை தலைமுறையாக எந்தச் சேரியின் கையோ, அதே கை. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 2020-ல் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். மாற்றியதை வரவேற்கிறோம், பெயரிலும் மானம் உண்டு என்று மேடைதோறும் முழங்கியவர்கள்தானே நாம்! ஆனால் பெயர் நனையாது, தோழர்களே, நனைவது முதுகு!

முதுகு நனைவதோடு போனாலும் பரவாயில்லை. 2025 ஆகஸ்ட் 23-ஆம் நாள் விடியற்காலை, கண்ணகி நகரில், வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கி நின்ற மழைநீரில் கால் வைத்தார். மின்சாரம் கசிந்திருந்தது அந்த நீரில். அங்கேயே உயிர் போயிற்று. கண்ணகி நகர் எது? ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை, 2000-லிருந்து நகரத்துக்கு வெளியே கொண்டு போய்க் குடியேற்றிய இடம். ஆற்றங்கரையில் இருந்தவரை வேலைக்கு நடந்து போனார்கள். இன்று, விடிவதற்கு முன்பே எழுந்து, இருட்டிலே தண்ணீரைக் கடந்து, பஸ் பிடித்து வருகிறார்கள். ஆகஸ்டு என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம்கூட அல்ல!

அதே மாதம், ஐந்தாம் ஆறாம் மண்டலங்களின் பணியாளர்கள், தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். காலை உணவுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு வருபவளுக்கு இட்லி பெரிது. குறை சொல்ல மாட்டோம். இட்லியோடு நிற்கலாகாது என்றுதான் சொல்வோம்.

விடுமுறைக் கணக்கையும் பார்ப்போம். தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று 1958 முதல் நம் மாநிலத்தில் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். அந்நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும். இல்லையேல் அன்றைய கூலியோடு மாற்று விடுப்புத் தர வேண்டும். ஆலைத் தொழிலாளியான நமக்கு இது பாடம். குப்பை வண்டியின் பின்னால் ஓடுபவருக்கு? ஆயுத பூசைக்கு மறுநாள் வாழைமரமும் உடைத்த பூசணியும் யார் எடுத்தது? தீபாவளி முடிந்ததும் நூறு டன்னுக்கு மேற்பட்ட பட்டாசுக் கழிவைத் தனியே பிரித்து, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பி வைத்தது யார்? காணும் பொங்கல் அன்று பெசன்ட் நகர்க் கடற்கரையில் நாம் தின்று போட்ட கரும்புச் சக்கையை, நாம் வீடு திரும்பிய பிறகு குனிந்து பொறுக்கியது யார்? அவருடைய சம்பளச் சீட்டில் அந்த நாட்களுக்கு என்ன எழுதியிருக்கிறது? குத்தகைப் பத்திரத்தில் எடையும் வண்டியும் எண்ணப்படும்போது, மாற்று ஆளும் எண்ணப்பட வேண்டாமா? நூறு பேர் வேலைக்கு நூறே பேரை வைத்தால், ஒருவர் விடுப்பு இன்னொருவரின் முதுகில் ஏறும். முறைவைத்து ஓய்வு கொடுக்க உபரி ஆள் வேண்டும். பணம் வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான்!

வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். விதிப்படி மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வேறு வேறு. வெயிலில் இதை மீறினால் சோம்பல். மழையில் மீறினால் கொடுமை. காகிதமும் சோறும் கலந்து நனைந்தால், எடை ஏறும், நாற்றம் ஏறும், விலை போகக்கூடிய காகிதம் வீணாகிப் பெருங்குடி மேட்டுக்குப் போகும்; அந்த மேடோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால், பையை இறுக்கக் கட்டி, வண்டி வரும்வரை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். எலி மூத்திரம் கலந்த வெள்ளநீர், வெட்டுப்பட்ட விரல் வழியே உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும், ஆளையே கொல்லும்.

வட்டக் கிளைத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாஸ்திரி நகர், இந்திரா நகர், ஊரூர் குப்பம் என்று தெருத்தெருவாகப் போங்கள். எந்த மின்பெட்டியின் கதவு திறந்து கிடக்கிறது, எந்த வடிகால் வாய் அடைந்திருக்கிறது, எத்தனை பணியாளருக்கு முழங்கால் பூட்சும் மழைக்கோட்டும் கையுறையும் கிடைத்தன, சென்ற பண்டிகைக்கு யாருக்கு இரட்டைக் கூலி வந்தது என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அடையாறு பதின்மூன்றாம் மண்டலம்; எழுதியதன் ஒரு படியை மண்டல அலுவலகத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுபடியை நமக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுவோம்.